கம்பியும் மண்ணும்: மின்னோட்டச் சமிக்ஞையின் வரலாற்றில் புவித்தொடுப்பு

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் காலி வீதி, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, இரத்மலானை, மொறட்டுவை என ஊர்களைக் கோத்துக்கொண்டு கரையோரமாகவே நீண்டு காலியை அடைகின்றது. பம்பலப்பிட்டியில் இவ்வீதியைக் கடப்போர் இருமருங்கும் காண்பன கடைகளும் தொடர்மாடிகளும் கதிரேசன் கோயிலுமே. ஆயினும் மின்னோட்டத்தைக் கொண்டு செய்தி அனுப்பும் கலை இலங்கையிற் கால்கொண்டது இவ்வீதி இணைக்கும் இரு நகரங்களுக்கிடையிலேயே என்பது பலர் அறியாத செய்தி. 1858ஆம் ஆண்டில் கொழும்புக்கும் காலிக்குமிடையே இந்நாட்டின் முதலாவது தந்திச் சுற்று அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் இந்தியாவுடனும் தந்தித் தொடர்பு ஏற்பட்டது.

அன்றைய தந்திக் கம்பிக்கும், இன்று இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையின் கட்டுப்பாட்டறைக்குள் நுழையும் மெல்லிய இரட்டைக் கம்பிக்கும் நேரான உறவு உண்டு. இரண்டிலும் செய்தியாக அமைவது மின்னோட்டமே. இரண்டிலும் எழும் முதன்மையான வினாவும் ஒன்றே: சென்ற மின்னோட்டம் எவ்வழியாகத் திரும்புகின்றது? இவ்வினாவுக்கு மனிதன் முதலில் ‘மண் வழியாக’ என்று விடை கண்டான்; ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவ்விடையை நம்பியிருந்தான்; பின்னர் அதனைப் படிப்படியாகக் கைவிட்டான். ஆனால் கைவிட்ட பின்னரும் மண்ணுக்கு வேறு இரு தொழில்கள் எஞ்சியிருந்தன. மூன்று தொழில்களுக்கும் ‘புவித்தொடுப்பு’ என்ற ஒரே சொல் வழங்கியமையால் விளைந்த மயக்கம் இன்றுவரை நீடிக்கின்றது. அம்மயக்கத்தின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண் இரண்டாவது கம்பியான வரலாறு

மின்னோட்டம் பாய்வதற்கு மூடிய சுற்று வேண்டும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த விதி. ஆகவே தொடக்க காலத் தந்திகள் இரு கம்பிகளைக் கொண்டிருந்தன. 1833இல் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் கவுஸ், வெபர் ஆகிய இரு பேரறிஞரும் தம் ஆய்வுகூடங்களுக்கிடையே கூரைகளுக்கு மேலாக அமைத்த தந்தியும் இரட்டைக் கம்பியாகவே இருந்தது. 1838இல் மூனிக் நகரைச் சேர்ந்த ஸ்ரைன்ஹைல் என்பார் இருப்புப்பாதையின் தண்டவாளங்களையே தந்திக் கம்பிகளாகப் பயன்படுத்த முயன்றார். தண்டவாளங்களிலிருந்து மின்னோட்டம் மண்ணுக்குக் கசிந்தமையால் அம்முயற்சி தோல்வியுற்றது. ஆயின் அத்தோல்வியே அவருக்கு ஒரு பேருண்மையைக் காட்டியது. மண் மின்னோட்டத்தைக் கடத்துமாயின், திரும்பும் கம்பியின் இடத்தில் மண்ணையே வைத்துவிடலாமன்றோ? சுற்றின் ஒரு பாதி கம்பியாகவும் மறு பாதி மண்ணாகவும் அமைந்த தந்தி இவ்வாறு பிறந்தது.

இதற்கு அடுத்த ஆண்டில் இத்துணைக்கண்டத்திலும் இதனையொத்த ஆய்வொன்று நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. கல்கத்தாவில் மருத்துவராகவும் இரசாயனப் பேராசிரியராகவும் பணியாற்றிய வில்லியம் புறூக் ஓஷோனசி என்பார், 1839இல் மூங்கிற் கம்பங்களில் ஏறத்தாழ 20 மைல் நீளமான இரும்புக் கம்பியை முன்னும் பின்னுமாகக் கட்டித் தந்தி ஆய்வுகளை நடத்தினார். ஊக்ளி ஆற்று நீரையே சுற்றின் ஒரு பகுதியாகக்கொண்டு சமிக்ஞை அனுப்பலாம் என்பதையும் அவர் காட்டினார். பிற்காலத்தில் இந்தியத் தந்திச் சேவையைக் கட்டியெழுப்பியவரும் இவரே.

மண்ணைத் திரும்பும் வழியாகக் கொள்வதிலிருந்த ஆதாயம் மிகப் பெரிது. கொழும்புக்கும் காலிக்குமிடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 72 மைல். இரு கம்பிகள் வேண்டுமாயின் 144 மைல் கம்பி தேவை. மண் ஒரு கம்பியாகுமாயின் 72 மைல் போதும். செலவு குறைவதோடு தடையும் குறைகின்றது. ஏனெனில் கம்பியின் தடை நீளத்தோடு பெருகும். பூமியோ அளவற்ற குறுக்குப் பரப்புடைய கடத்தி. இரு முனைகளிலும் புதைக்கப்பட்ட உலோகத் தகடுகளைச் சூழ்ந்த மண்ணிலேயே தடை பெரிதும் அமைகின்றது. இடைத்தூரம் நூறு மைலாயினும் அதனால் வேறுபாடு பெரிதாக ஏற்படுவதில்லை. இக்காரணங்களால் ஒற்றைக் கம்பியும் மண்வழித் திரும்பலும் அக்காலத் தந்தியின் பொது வழக்காயின.

இத்தந்தியின் வருகை இலங்கையில் எத்தகைய தேவையை நிறைவேற்றியது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணை 1875இல் தொடங்கப்பட்டு 1885இல் நிறைவுறும் வரையான காலத்தில், ஐரோப்பியத் தபாற் கப்பல்கள் நாடிய துறை காலியே. உலகச் செய்திகள் காலியில் இறங்கிக் கொழும்புக்கு வரவேண்டியிருந்தன. 1850களில் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை அச்செய்திகளைப் புறாக்களின் கால்களிற் கட்டிக் கொழும்புக்குக் கொணர்ந்தது. தந்தி வந்ததும் புறாக்கள் ஓய்வு பெற்றன.

தமிழில் இக்கருவிக்கு அமைந்த பெயரும் ஈண்டு நோக்கற்பாலது. ‘தந்தி’ என்பது வீணையின் நரம்புக்கும் கம்பிக்கும் வழங்கிய பழஞ்சொல். அச்சொல்லே கம்பிவழி வந்த செய்திக்கும், அச்செய்தியை அனுப்பும் முறைக்கும் பெயராயிற்று. கண்ணுக்குத் தெரிந்த கம்பி பெயர் பெற்றது. சுற்றின் மறு பாதியைச் சுமந்த மண் பெயர் பெறாமலே இருந்துவிட்டது. கம்பியைக் கவனித்து மண்ணை மறக்கும் இவ்வழக்கம் மொழியில் மட்டுமன்றித் தொழிலிலும் படிந்திருந்தது எனலாம்.

மண் ஊமையன்று

மண்வழித் திரும்பலுக்கு அடிப்படையாய் இருந்த எண்ணம் ஒன்றுண்டு. பூமி எங்கும் ஒரே மின்னழுத்தமுடையது; காலியில் உள்ள மண்ணும் கொழும்பில் உள்ள மண்ணும் ‘பூச்சியம்’ என்ற ஒரே அளவில் நிற்பன என்பதே அது. இவ்வெண்ணம் பிழையானது என்பதை இயற்கையே முதலில் உணர்த்தியது.

1859 செப்டெம்பர் தொடக்கத்தில் சூரியனிலிருந்து எழுந்த பெரும் குமுறலொன்றின் விளைவாகப் பூமியின் காந்தப்புலம் கடுமையாகக் குலைந்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தந்திப் பாதைகளில் வேண்டாத மின்னோட்டங்கள் பாய்ந்தன. அமெரிக்காவின் பொஸ்ரன், போட்லண்ட் நகர்களுக்கிடையே பணிபுரிந்த தந்தியாளர் தம் மின்கலவடுக்குகளைக் கழற்றிவிட்டு, மண்வழி வந்த அம்மின்னோட்டத்தைக் கொண்டே சில மணி நேரம் செய்தி பரிமாறினர் என்பது தந்தி வரலாற்றிற் புகழ்பெற்ற நிகழ்ச்சி. இரு நகர்களின் மண்ணும் ஒரே அழுத்தத்தில் இருந்திருப்பின் இது நிகழ்ந்திராது.

இலங்கையும் தமிழகத்தின் தென்கோடியும் இவ்வகையில் தனிச்சிறப்புடையன. பூமியின் காந்த நடுக்கோடு இப்பகுதியை ஒட்டியே செல்கின்றது. அக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் பகற்பொழுதில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கின்றது. அதன் ஏற்றத்தாழ்வுகள் கீழேயுள்ள கடல்நீரிலும் மண்ணிலும் மின்னோட்டங்களைத் தூண்டுகின்றன. பாக்கு நீரிணைப் பகுதியில் இவ்வாறு தூண்டப்படும் மின்னோட்டங்கள் செறிவதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புவிக்காந்தவியலாளர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நம் காலடி மண் ஒருபோதும் முற்றாக ஓய்ந்திருப்பதில்லை என்பதற்கு இது சான்று.

இயற்கை தொடங்கியதை நகரம் வளர்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மின் ட்ராம்கள் வீதிகளில் ஓடத் தொடங்கின. இவை மேலே தொங்கிய ஒற்றைக் கம்பியிலிருந்து மின்னோட்டத்தைப் பெற்றுத் தண்டவாளம் வழியே திருப்பி அனுப்பின. தண்டவாளத்திலிருந்து அதன் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து, நிலத்தடிக் குழாய்களையும் அயலிலுள்ள புவித் தகடுகளையும் நாடியது. ஒற்றைக் கம்பியும் மண்வழித் திரும்பலும் கொண்ட தொலைபேசிகளில் இரைச்சல் தாங்க முடியாததாயிற்று. ஆகவே தொலைபேசிப் பொறியியலாளர் மண்ணைக் கைவிட்டு இரண்டாவது கம்பிக்குத் திரும்பினர். இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கினால், புறத்தேயிருந்து வரும் குழப்பம் இரண்டிலும் சமமாகப் படிந்து ஒன்றையொன்று நீக்கிவிடும் என்ற கருத்துக்கு அலெக்சாந்தர் கிரகம் பெல் 1881இல் உரிமைப் பட்டயம் பெற்றார். இன்றைய முறுக்கிய சோடிக் கம்பியின் மூலம் இதுவே.

பம்பாயில் மின் ட்ராம் வரவிருந்தபோது, அங்கு கொலாபாவில் இயங்கிவந்த காந்த ஆய்வகம் அதன் மின்னோட்டங்களுக்கு அஞ்சி வேறிடம் தேட வேண்டியதாயிற்று. 1904இல் அலிபாகில் புதிய ஆய்வகம் நிறுவப்பட்டது. கொழும்பில் மின் ட்ராம் 1899இல் ஓடத் தொடங்கி 1960இல் முடிவுற்றது. 1953 தொடக்கம் 1964 வரை ‘ட்ரொலி பஸ்’ என்ற மின் பேருந்தும் இந்நகரில் ஓடியது. ட்ராமுக்கு மேலே ஒரு கம்பி போதும். ட்ரொலி பஸ்ஸுக்கு இரு கம்பிகள் வேண்டும். இறப்பர்ச் சில்லுகளில் ஓடும் வண்டிக்குத் தண்டவாளமும் இல்லை, மண்ணும் இல்லை. சென்ற மின்னோட்டம் தனக்கென அமைந்த கம்பியாலேயே திரும்ப வேண்டும். ஒரே நகரின் வீதிகளில் இரு முறைகளும் சில ஆண்டுகள் அருகருகே இயங்கியமை, மின்னோட்டத்தின் திரும்பு வழி பற்றிய முழு வரலாற்றையும் சுருக்கிக் காட்டியதுபோல் அமைந்தது.

இன்மையும் பூச்சியமும்

தந்தி விட்டுச்சென்ற இன்னொரு பாடமும் உண்டு. அமெரிக்கத் தந்திப் பாதைகளில், செய்தி அனுப்பப்படாத வேளையிலும் கம்பியில் மின்னோட்டம் இடையறாது பாய்ந்துகொண்டிருந்தது. சாவியைத் திறந்து மூடுவதால் அதனைத் துண்டித்தே செய்தி அனுப்பினர். ஐரோப்பிய வழக்கில் சாவியை அழுத்தும்போது மட்டுமே மின்னோட்டம் பாய்ந்தது. முதல் முறையில் கம்பி அறுந்தால் மின்னோட்டம் உடனே நின்று பழுதைத் தெரிவிக்கும். இரண்டாம் முறையில் அறுந்த கம்பிக்கும் அமைதியான கம்பிக்கும் வேறுபாடு தோன்றாது. 1872இல் அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் இருப்புப்பாதைக்கு அமைத்த மூடிய தண்டவாளச் சுற்றும் முதல் முறையின் வழிவந்ததே. தண்டவாளத்தில் எப்போதும் மின்னோட்டம் பாயும்; வண்டி வந்தாலும் நிற்கும், தண்டவாளம் உடைந்தாலும் நிற்கும்; மின்னோட்டம் நின்றால் கைகாட்டி ‘அபாயம்’ என்றே காட்டும். செய்தியின் இன்மையை நற்செய்தியாகக் கொள்ளலாகாது என்பதே இதன் உட்பொருள்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொழிற்சாலைகள் பெருகியபோது, வெப்பநிலை, அமுக்கம், திரவ மட்டம் ஆகியவற்றைத் தொலைவிலிருந்து அறிய வேண்டிய தேவை எழுந்தது. முதலில் இதற்குக் காற்று பயன்பட்டது. மெல்லிய குழாய்களில் சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தல் முதல் 15 இறாத்தல் வரை அமுக்கப்பட்ட காற்று, அளவின் கீழெல்லை முதல் மேலெல்லை வரை சுட்டியது. கீழெல்லை பூச்சியமாக அமையாமல் 3 ஆக அமைந்தமையால், குழாய் உடைந்து அமுக்கம் பூச்சியமானால் அது பழுது என உடனே தெரிந்தது. இலத்திரனியற் கருவிகள் வந்தபோது இவ்விகிதம் அப்படியே மின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது. 1950களிலும் 1960களிலும் உற்பத்தியாளர் பல்வேறு அளவெல்லைகளைக் கையாண்டனர். இறுதியில் 4 மில்லியம்பியர் முதல் 20 மில்லியம்பியர் வரை என்பது நிலைபெற்றது. 1970களில் அமெரிக்கக் கருவியியற் கழகமும், 1982இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணையமும் இதனை நியமமாக்கின. 3க்கு 15 எப்படியோ, 4க்கு 20 அப்படியே. இரண்டும் ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதமே.

இந்த 4 மில்லியம்பியர் இரு வகையிற் பயன்படுகின்றது. முதலாவது, அது ‘உயிருள்ள பூச்சியம்’: தொட்டி வெறுமையாயின் 4, கம்பி அறுந்தால் 0. இரண்டாவது, அளக்கும் கருவி இயங்குவதற்கு வேண்டிய வலுவையும் அதுவே தருகின்றது. ஆகவே இரு கம்பிகளே போதும். அவையே கருவிக்கு உணவும் ஊட்டுகின்றன, அதன் செய்தியையும் கொணர்கின்றன.

மின்னழுத்தத்தை விட்டு மின்னோட்டத்தைச் சமிக்ஞையாகக் கொண்டமைக்கும் காரணமுண்டு. நீண்ட கம்பியின் தடையால் அழுத்தம் குறையலாம். தொடர்ச் சுற்றில் மின்னோட்டமோ எங்கும் ஒன்றே. 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்புடைய செப்புக் கம்பிக்குக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 17 ஓம் தடை. கட்டுப்படுத்தியில் 250 ஓம் தடையொன்றை வைத்தால் 4 முதல் 20 மில்லியம்பியர் 1 முதல் 5 உவோற்றாக மாறும். வழங்கும் அழுத்தம் 24 உவோற்று. அளக்கும் கருவிக்கு 12 உவோற்று வேண்டுமென்று கொண்டாலும், எஞ்சிய 12 உவோற்றில் 20 மில்லியம்பியர் 600 ஓம் வரை கடந்து செல்லும். ஒரு கிலோமீற்றர் தூரச் சோடிக் கம்பியும் 250 ஓம் தடையும் சேர்ந்து 300 ஓமைக்கூட எட்டா. 1969இல் அமெரிக்க மோட்டார்த் தொழிலுக்கென முதன்முதலில் உருவான நிரற்படுத்தத்தக்க கட்டுப்படுத்திகளும் காலப்போக்கில் இவ்வோட்டச் சமிக்ஞையை ஏற்கும் வகையில் வளர்ந்தன. கணினி வழிச் செய்தித் தொடர்புகள் பெருகிய இக்காலத்திலும் இம்முறை வழக்கொழியவில்லை.

மெய்போலத் தோன்றும் பொய்

கம்பி அறுந்தால் உடனே தெரிகின்றது. அவ்வாறாயின் இம்முறை பிழையற்றதா? இல்லை. இதன் பகை அறுந்த கம்பியன்று. வேண்டாத இடத்தில் மண்ணைத் தொட்ட கம்பியே. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம்.

கரையோரத் தொழிற்சாலையொன்றில் ஒரு தொட்டி இருப்பதாகக் கொள்வோம். அதன் மட்டத்தை அளக்கும் கருவி ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. திரும்பும் கம்பி 17 ஓம். அதன் முடிவில் கட்டுப்படுத்தியின் 250 ஓம். அதற்கப்பால் மின்வழங்கியின் எதிர்முனை கட்டுப்பாட்டறையில் புவித்தொடுப்புச் செய்யப்பட்டுள்ளது. இதுவரை யாவும் முறைப்படியே. கடற்காற்றின் உப்பும் மழையின் ஈரமும் தொட்டியருகேயுள்ள இணைப்புப் பெட்டியினுட் புகுந்து, திரும்பும் கம்பியை அப்பெட்டியின் உலோக உடலோடு இணைத்துவிடுகின்றன. உடல் அங்குள்ள மண்ணோடு இணைந்தது. இப்போது மின்னோட்டத்துக்கு இரு வழிகள்: 267 ஓம் தடையுடைய கம்பி வழி, மண் வழி. மண் வழியின் தடை 33 ஓம் எனவும், இரு இடத்து மண்ணுக்குமிடையே 1 உவோற்று வேறுபாடு நிலவுவதாகவும் கொள்வோம்.

தொட்டி பாதி நிறைந்துள்ளது. கருவி முறையாக 12 மில்லியம்பியரை அனுப்புகின்றது. அதில் பெரும்பகுதி தடை குறைந்த மண் வழியே ஓடிவிடுகின்றது. கம்பி வழியே வருவது 1.32 மில்லியம்பியர் மட்டுமே. மண்ணின் 1 உவோற்று வேறுபாடோ இச்சுற்றில் 3.33 மில்லியம்பியரைச் செலுத்துகின்றது. திசை ஒன்றாயின் கட்டுப்படுத்தி காண்பது 4.65 மில்லியம்பியர். அது 4க்கு மேற்பட்டது. ஆகவே பழுது என்ற எச்சரிக்கை எழாது. பாதி நிறைந்த தொட்டியை நூற்றுக்கு 4 பங்கே நிறைந்ததெனக் கட்டுப்படுத்தி கருதுகின்றது. நுழைவாயில் வால்வை முழுதாகத் திறக்கின்றது. தொட்டியில் இருப்பது நீராயின் அது வழிந்தோடும். அமிலமாயின் அருகில் நிற்கும் தொழிலாளியின் நிலை என்னாவது? இங்கே பழுதுற்ற கருவி எதுவுமில்லை. செலுத்திய கருவி மெய்யே சொன்னது. பெற்ற கருவியும் தான் கண்டதையே சொன்னது. இடையில் நின்ற மண்ணே பொய் சொன்னது. அதுவும் உயிருள்ள பூச்சியத்தின் காவலையும் கடந்துவரும் பொய்.

இவ்வகைப் பொய்யைத் தடுக்கும் விதிகள் இன்று தெளிவானவை. ஓர் ஓட்டச் சுற்று ஓரிடத்தில் மட்டுமே மண்ணைத் தொடலாம். அவ்விடம் பெரும்பாலும் கட்டுப்பாட்டறையே. சோடிக் கம்பிகள் முறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அவற்றைச் சூழ்ந்த உலோகக் கவசம், தாழ்ந்த அதிர்வெண் குழப்பங்களைத் தடுக்கும் பொருட்டு, ஒரு முனையில் மட்டும் மண்ணோடு இணைக்கப்படும். இரு முனைகளிலும் இணைத்தால் கவசமே இரு மண்களையும் இணைக்கும் கம்பியாகிவிடும். மோட்டார்களுக்குச் செல்லும் வலுக் கம்பிகளிலிருந்து சமிக்ஞைக் கம்பிகள் விலகியே செல்ல வேண்டும். இரு இடங்களில் மண்ணைத் தொடுவது தவிர்க்க இயலாததாயின், ஒளியாலோ மாற்றியாலோ சமிக்ஞையைக் கடத்தி, மின்தொடர்பைத் துண்டிக்கும் தனிமைப்படுத்தி ஒன்றை இடையில் வைத்தல் வேண்டும். இவ்விதிகள் யாவும் ஒன்றையே வற்புறுத்துகின்றன: சென்ற மின்னோட்டம் தன் கம்பியாலேயே திரும்பட்டும். 1838இல் ஸ்ரைன்ஹைல் நீக்கிய இரண்டாவது கம்பி இவ்வாறு தன் உரிமையை மீண்டும் பெற்றது.

ஒரு சொல், மூன்று தொழில்

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. மண் இத்தனை தொல்லை தருமாயின் அதனை முற்றாக விலக்கிவிடலாமே? இவ்வாறு எண்ணுதல் ஆபத்தானது. சமிக்ஞையில் குழப்பம் நேரும்போது, கருவியின் புவிக் கம்பியைக் கழற்றிவிட்டு, குழப்பம் நீங்கியது கண்டு மகிழ்வது உலகெங்கும் காணப்படும் தவறான வழக்கம். சமிக்ஞை நேராகிவிடும், ஆனால் அக்கருவியின் உலோக உடல் அப்போது காவலற்றது. பின்னொரு நாள் மின் கசிந்தால், அதனைத் தொடுபவனின் உடலே மண்ணுக்குச் செல்லும் வழியாகும்.

இத்தவற்றுக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று; சொல்லின் மயக்கமும் ஆகும். நூல்களில் ‘புவித்தொடுப்பு’ என்றும், தொழிலாளர் பேச்சில் ‘ஏர்த்’ என்றும் வழங்கும் இச்சொல் மூன்று வேறு தொழில்களைச் சுட்டுகின்றது. முதலாவது, தந்தியில் இருந்ததுபோல மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்பும் வழியாதல். இரண்டாவது, கசிந்த மின்னோட்டத்தையும் இடியையும் ஏற்று உயிரைக் காத்தல். மூன்றாவது, அளவுகளுக்குப் ‘பூச்சியம்’ எது என்று கூறும் ஒப்பீட்டுப் புள்ளியாதல். முதற்றொழில் சமிக்ஞைச் சுற்றுகளில் வரலாற்றால் கைவிடப்பட்டது. இரண்டாம் தொழில் ஒருபோதும் கைவிடப்படலாகாதது. மூன்றாம் தொழில் ஓரிடத்தில் மட்டும் அமையவேண்டியது. மூன்றையும் ஒரே சொல்லால் அழைக்கும்போது, முதலாவதை நீக்க வேண்டியவன் இரண்டாவதை நீக்கிவிடுகின்றான்.

இதற்கு எதிர்மாறான தவறும் உண்டு. கட்டடத்தின் புவிக்கோலிலிருந்து முற்றாக விலக்கி, கருவிகளுக்கென்று ‘தூய’ புவிக்கோல் ஒன்றைத் தனியே இறக்குதல் நன்றென்று சிலர் கருதுவர். இலங்கை போன்ற நாட்டில் இது பெருந்தீங்கு. சித்திரை மாதத்தையொட்டியும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும், பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் இங்கு இடிமின்னல் மிகுதி. அருகே மின்னல் வீழும்போது ஒரு புவிக்கோலின் அழுத்தம் பல்லாயிரம் உவோற்று உயரலாம். மற்றைய கோல் தாழ்ந்தே நிற்கும். இரண்டுக்குமிடைப்பட்ட கருவி அவ்வேறுபாட்டைத் தாங்காது எரியும். ஆகவே தொழில்கள் வேறுபட்டவையாயினும், அவற்றுக்குரிய கம்பிகள் தனித்தனியே சென்று இறுதியில் ஒரே புள்ளியில் கூடவேண்டும். வழி வேறு, சேருமிடம் ஒன்று என்பதே இன்றைய நெறி.

இந்நெறியின் எளிய வடிவமொன்று பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளிலும் காணத்தக்கது. வீடுகளில் ‘ட்ரிப் சுவிச்’ என வழங்கும் காப்புக் கருவி, வீட்டுக்குள் சென்ற மின்னோட்டத்தையும் திரும்பிய மின்னோட்டத்தையும் ஓயாது ஒப்பிடுகின்றது. இரண்டும் சமமாயின் பேசாதிருக்கும். உயிர்காப்புக்கென வழக்கமாகப் பொருத்தப்படும் கருவியில், வேறுபாடு 30 மில்லியம்பியரை எட்டுமுன்னரே அது மின்னிணைப்பைத் துண்டித்துவிடும். குறைந்த மின்னோட்டம் எங்கே போயிற்று? மண்ணுக்குள், சில வேளைகளில் ஒரு மனித உடலின் வழியாக. ‘சென்றது தன் கம்பியாலேயே திரும்பவேண்டும்’ என்ற விதி தொழிற்சாலையில் அளவின் மெய்மையைக் காக்கின்றது. வீட்டில் உயிரைக் காக்கின்றது.

முடிவுரை

ஒற்றைக் கம்பித் தந்தி அறியாமையின் விளைவு என்று கூறுதல் பொருந்தாது. 1858இன் தேவைக்கு அது ஏற்ற விடையே. சாவியை அழுத்தியதா இல்லையா என்ற ஒரே வினாவுக்கு விடை கூறவேண்டிய சுற்றில், மண்ணின் சிறு முணுமுணுப்புப் பொருட்டன்று. எவ்வளவு என்ற வினாவுக்கு நூற்றில் ஒரு பங்கு நுட்பத்தோடு விடை கூறவேண்டிய சுற்றிலோ, அம்முணுமுணுப்பே பொய்ச் சாட்சியாகின்றது. வினா மாறியபோது பழைய விடை பிழையாயிற்று என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை.

தமிழிற் பொறியியல் கற்பிக்கவும் எழுதவும் முனைவோருக்கு இதிலிருந்து ஒரு கடமை பிறக்கின்றது. கலைச்சொல்லாக்கம் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுவதோடு முடிவதன்று. ஒரு சொல்லுக்குள் எத்தனை கருத்துகள் மறைந்துள்ளன என்று பிரித்தறிவதும் அதன் பாற்பட்டதே. மண்ணின் மூன்று தொழில்களையும் திரும்புவழி, காப்புத்தொடுப்பு, ஒப்பீட்டுப்புள்ளி என வேறுவேறாக வழங்கினால், இணைப்புப் பெட்டியைத் திறந்து நிற்கும் தொழிலாளி எந்தக் கம்பியைக் கழற்றலாம், எதனைத் தொடவே கூடாது என்பதைச் சொல்லே அவனுக்கு உணர்த்தும். ஆங்கிலத்திலும் இம்மயக்கம் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. தமிழில் அதனைத் தீர்த்துக்கொள்வதற்குத் தடை ஏதுமில்லை.